தேருக்கு மட்டும்தானா வெள்ளோட்டம்?

(தென்னேரியில் ஊர் மக்கள் முன் ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் தலைப்பைக் 'குடிநீர்ச் சுத்திகரிப்பில் முன்னோட்டச் சோதனை' என்று போட்டிருந்தார்கள். வாலாஜாபாத்தில் ஏறிய பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி அதை எட்டிப் படித்துவிட்டு, "முன்னோட்டம்னா டிரெய்லர்தானே சார்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அந்தச் சொல்லைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டிரெய்லரில் நல்ல காட்சிகளை மட்டும்தான் காட்டுவார்கள். நான் பேசவந்த சோதனையில் மோசமான காட்சிகளைத்தான் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன். நமக்கு வேறு ஒரு சொல் இருக்கிறது. வெள்ளோட்டம்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வெள்ளோட்டம் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. புதுத்தேர் செய்தாலோ, பழைய தேரைப் பிரித்துக் கட்டினாலோ, சாமியை ஏற்றாமல் நான்கு வீதியும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, முட்டுக்கட்டைக்கு நிற்கிறதா, மூலை திரும்புமா, மின்கம்பியில் கலசம் இடிக்குமா என்று எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆசாரி பட்டறையில் அளந்து பார்த்தால் தெரியாத விஷயங்கள் இவை. வீதியில் இழுத்தால்தான் தெரியும். கிழக்கு வீதியில் ஓடிய தேர் தெற்கு வீதி மேட்டில் நிற்கும். அதனால்தான் 'ஒரு வீதி இழுத்தாச்சு, போதும்' என்று எந்த ஊரிலும் விடுவதில்லை.

தண்ணீருக்கும் அதேதான். இந்த ஏரித் தண்ணீரைக் குடிநீராக்க நாளைக்கு ஒரு திட்டம் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று, தொண்டைமான் இளந்திரையன் பெயரால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வளவு பழைய பெயர். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஆனால் தண்ணீர்க்காரன் கண்ணுக்கு இது ஒரு ஏரி இல்லை, நான்கு ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் கரைந்து வருகிற செந்தண்ணீர். தை, மாசியில் மண் அடங்கித் தெளிந்துவிடும். தெளிந்தவுடன் வெயில் உள்ளே இறங்கும், பாசி பிடிக்கும். சித்திரை, வைகாசியில் ஏரி சுருங்கி, உப்பு கூடி, மாடு கலக்கி, வாடை அடிக்கும். ஆடிக்காற்றில் ஆழமில்லாத தண்ணீர் அலையடித்து, அடங்கிய வண்டலை மறுபடி கிளப்பும். இதில் மாசி மாதத்தில் ஒரு கேனில் பிடித்துப்போய் லேபில் கொடுத்து, அந்தத் தாளை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் நிலையம் கட்டினால், கிழக்கு வீதியில் மட்டும் தேர் இழுத்த கதைதான்.

(இடையில் ஒன்று. கலங்கல் என்றால் நம் பக்கத்தில் ஏரியின் உபரித் தண்ணீர் வழிகிற இடம். கலங்கிய தண்ணீரையும் கலங்கல் என்றே சொல்கிறோம். இங்கே நான் சொல்லப்போவது இரண்டாவது. அதற்கு ஓர் அளவு உண்டு, என்.டி.யு. என்று பெயர். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 அதை 1-க்குள் வைக்கச் சொல்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரை விடுகிறது.)

முதல் சோதனை சின்னது. நம் பாட்டிமார் செய்ததுதான். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், காலையில் மண் அடியில் இறங்கியிருக்கும். லேபில் தேத்தாங்கொட்டைக்குப் பதில் படிகாரம். ஆறு கண்ணாடி ஜாடியில் ஒரே தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் படிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, அசையாமல் விடுவார்கள். எந்த ஜாடியில் தண்ணீர் நன்றாகத் தெளிகிறதோ அந்த அளவு அன்றைய அளவு. ஒரு மணி நேர வேலை. அன்றைய தண்ணீருக்கு அது சரியான பதில். ஆனால் மணல் எத்தனை நாளில் அடைக்கும், கழுவினால் திரும்பத் திறக்குமா, பாசி ஏறினால் என்ன ஆகும் என்று ஜாடியிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. இவை தெரியக் காலம் வேண்டும்.

அங்கேதான் வெள்ளோட்டம் வருகிறது. பெரிய நிலையம் செய்யப்போகிற வேலையையே சின்ன உருவில், அதே ஏரிக்கரையில், அதே தண்ணீரில், ராத்திரி பகலாக மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எதைச் சின்னதாக்கலாம், எதைத் தொடக்கூடாது? மணல் வடிகட்டியின் அகலத்தைக் குறைக்கலாம், ஆழத்தைக் குறைக்கக்கூடாது. நிஜ நிலையத்தில் ஒரு மீட்டர் மணல் என்றால் சோதனைக் குழாயிலும் ஒரு மீட்டர். அதே மணல், அதே பருமன், மேலே நிற்கிற தண்ணீரும் அதே உயரம், இறங்குகிற வேகமும் அதே. நெசவுக்காரர்களுக்கு இது உடனே புரியும். மாதிரிக்கு ஒரு சாண் நெய்து பார்க்கலாம். ஆனால் பாவு இழைகளைப் பாதியாக்கிவிட்டு 'புடவை இப்படித்தான் வரும்' என்று சொல்ல முடியாது. சாயக்காரரும் அப்படித்தான். ஒரு கழி நூலை மட்டும் முக்கிப் பார்ப்பார். ஆனால் அதே சாயம், அதே சூடு, அதே கிணற்றுத் தண்ணீர்.

முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயை நிறுத்தி மணல் நிரப்பினால், மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏழு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். அரைக் குடம். 'இதுக்கா இவ்வளவு செலவு?' என்று கேட்பார்கள். இந்த அரைக்குடத்தின் விலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பத்தாயிரம் பேர் உள்ள ஓர் ஊர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். மொத்தம் ஐந்தரை லட்சம் லிட்டர். மெதுவாக வடிகிற மணல் வடிகட்டி, மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 2,400 லிட்டர் கொடுக்கும். அப்படியானால் சுமார் 230 சதுர மீட்டர் மணல் பரப்பு வேண்டும். ஏறக்குறைய ஒரு கிரவுண்டு. அதே மணல் 20 சென்டிமீட்டர் வேகத்தைத் தாங்கும் என்றால் அரைக் கிரவுண்டு போதும். தொட்டி பாதி, மணல் பாதி, செலவும் கிட்டத்தட்டப் பாதி. தாங்குமா தாங்காதா? இதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. அந்த அரைக்குடம் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டவர்கள் நாக்பூரில் இருந்தார்கள். நீரி என்று சொல்கிறோமே, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம். 1958-ல் வேறு பெயரில் தொடங்கி 1974-ல் இந்தப் பெயருக்கு வந்தது. எழுபதுகளின் நடுவில், நெதர்லாந்தில் உள்ள ஒரு சர்வதேசக் குடிநீர் மையம் ஏழை நாடுகளின் கிராமங்களுக்கு மெதுமணல் வடிகட்டி சரிப்படுமா என்று பார்க்கக் கிளம்பியது. கானா, கென்யா, சூடான், தாய்லாந்து என்று பல நாடுகள். இந்தியாவில் நீரி. அந்த வேலையில் ஆர். பரமசிவம் என்கிற பெயரை அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

மெதுமணல் வடிகட்டி புதிய சரக்கு இல்லை. லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1829-லேயே செல்சியில் கட்டினார். அவரும் ஏக்கர் கணக்கில் கட்டுவதற்கு முன் சின்னதாக ஒன்று செய்து பார்த்தவர்தான். சென்னைக்கு 1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை வந்தது வடிகட்டாத தண்ணீர். 1914 வாக்கில் பொறியாளர் மேட்லி காலத்தில்தான் அங்கே மணல் வடிகட்டிகள் வந்தன. ஆக, தத்துவம் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சிய பாலில் ஏடு படிகிற மாதிரி, மணலின் மேல்பரப்பில் சில வாரங்களில் உயிருள்ள ஓர் ஏடு படியும். கிருமியைத் தின்பது மணல் இல்லை, அந்த ஏடும் அதற்குக் கீழே மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும்தான். அவற்றுக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். அது வருகிற தண்ணீரில்தான் கரைந்திருக்கிறது.

நாக்பூரில் மணிக்கு 10, 20, 30 சென்டிமீட்டர் என மூன்று வேகங்களில் ஓட்டினார்கள். தண்ணீரின் தரத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. வேகம் கூடக்கூட மணல் சீக்கிரம் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நான் சொன்ன ஒரு கிரவுண்டா, அரைக் கிரவுண்டா கணக்கு இதில்தான் தொங்குகிறது. இது நல்ல முடிவு. ஆனால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது இதற்காக இல்லை.

ஐரோப்பாவில் எழுதின புத்தகத்தில், வடிகட்டி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் என்று போட்டிருக்கும். அதைக் கேள்வி கேட்க அங்கே யாருக்கும் தோன்றாது. நம் கிராமத்தில் மின்சாரம் எத்தனை மணி நேரம்? மோட்டார் போடுகிறவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்? நாக்பூர்க்காரர்கள் இதையே ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டார்கள். வடிகட்டியை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். முடிவு மோசம். நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால், பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. கிருமி எண்ணிக்கை ஏறுகிறது. ஏட்டுக்கு மூச்சு முட்டினால் வேறென்ன ஆகும்?

அதற்கு அவர்கள் பரிந்துரைத்த மாற்று வழி இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். மோட்டார் நின்றால் வெளியே போகிற வால்வை மூடாதே, உள்ளே வருகிற வால்வை மட்டும் மூடு. மணலுக்கு மேலே ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கிறது இல்லையா, அது ராத்திரி முழுக்க மெள்ள மெள்ள வேகம் குறைந்துகொண்டே வடியட்டும். மணல் காயாது, ஏடு மூச்சு விடும். காலையில் மின்சாரம் வந்ததும் மறுபடி நிரப்பு. இயந்திரம் இல்லை, பைசா செலவில்லை. மாதக்கணக்கில் சின்னக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் கிடைத்த வழி.

அதன் பிறகு நான்கு ஊர்களில் ஊர் அளவில் கட்டிப் பார்த்தார்கள். ஆந்திரத்தில் ஒன்று, அரியானாவில் ஒன்று, மகாராஷ்டிரத்தில் ஒன்று. நான்காவது நம் தமிழ்நாட்டில், கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டி. அப்போது மதுரை மாவட்டம், இப்போது தேனி.

இப்போது என் சொந்தக் கதை. ஊர் பெயரும் ஆபீஸ் பெயரும் கேட்காதீர்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஏரிக்கரையில் இதே மாதிரி இரண்டு குழாய் வடிகட்டி நிறுத்தினேன். பகல் பதினொரு மணிக்குப் போய் மாதிரி எடுப்பேன். ஐந்து வாரம் ஆகியும் கிருமி எண்ணிக்கை இறங்கவில்லை. மணலைச் சலித்தேன், மாற்றினேன், லேப் ஆட்களைத் திட்டினேன். கடைசியில் காவலுக்கு இருந்த பெரியவரை உட்காரவைத்துக் கேட்டேன். "ராவுல மோட்டார் சத்தம் தாங்கல சார். எட்டு மணிக்கு நிறுத்திப்புடுவேன். நீங்க வர்றதுக்குள்ள காலையில போட்டுடுவேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஐந்து வாரக் கணக்கையும் கிழித்துப்போட்டுவிட்டு, வேறு ஆள் வைத்து, சத்தம் கேட்காத இடத்தில் கொட்டகை போட்டு, புதிதாக ஆரம்பித்தேன். எண்கள் அழகாக வந்தன. அறிக்கை கொடுத்தேன். பாராட்டும் கிடைத்தது.

நாக்பூர்க் கட்டுரையைச் சில வருஷம் கழித்துத்தான் படித்தேன். அவர்கள் தெரிந்தே செய்ததை அந்தப் பெரியவர் தூக்கத்துக்காகச் செய்திருக்கிறார். நிலையம் கட்டினால் அதை ஓட்டப்போவதும் அவரைப் போன்ற ஒருவர்தான். அவரும் எட்டு மணிக்கு நிறுத்தத்தான் போகிறார். ஆகவே நான் கிழித்தது கெட்டுப்போன கணக்கு இல்லை. அதுதான் நிஜமான வெள்ளோட்டம். நான் அறிக்கையில் கொடுத்தது டிரெய்லர்.

அமெரிக்காவில் லூயிவில் என்கிற ஊரில் நடந்த ஒரு வெள்ளோட்டத்தையும் சொல்ல வேண்டும். ஒஹாயோ ஆற்றுத் தண்ணீர் நம் வெள்ளக்காலத் தண்ணீரைப் போல ஒரே சேறு. 1895-ல் ஜார்ஜ் ஃபுல்லர் என்று ஒருவரைச் சோதனைக்கு வைத்தார்கள். வயது 26. வடிகட்டி விற்கிற கம்பெனிகள் தங்கள் தங்கள் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் நிறுத்தின. ஒரே ஆறு, ஒரே தண்ணீர், அளப்பவர் எந்தக் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாதவர். 1897 வரை இழுத்தது. எந்தக் கம்பெனி ஜெயித்தது என்று கேட்டால், அறிக்கையின் பெரிய செய்தி அதுவே இல்லை. சேறு ஏறுகிற நாட்களில் எந்த வடிகட்டியும் தனியாகத் தாங்காது. முதலில் படிகாரம் போட்டுத் தொட்டியில் வண்டலை இறக்கிவிட்டுத்தான் மணலுக்கு அனுப்ப வேண்டும் என்று வந்தது முடிவு. இன்றைக்கு உலகம் முழுக்கப் பல பெரிய நகரங்களின் நிலையங்கள் அந்த வரிசையில்தான் நடக்கின்றன. செம்பரம்பாக்கத்தில் 2007-ல் திறந்த, நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையத்திலும் படிகாரமும் வண்டல் இறங்கும் தொட்டியும் முன்னால், மணல் பின்னால்.

நம் ஊர்களுக்கு இப்போது ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருகிறவர்கள் கையில் பேனா அளவுக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். இந்த டம்ளரில் முக்கினால் 900, அந்த டம்ளரில் முக்கினால் 40, பார்த்தீர்களா என்பார்கள். உப்பு உள்ள ஊரில் ஆர்.ஓ. வேண்டியதுதான், நான் எதிரி இல்லை. ஆனால் அந்த மீட்டர் கரைந்த உப்பின் மொத்தத்தைத்தான் காட்டும். கிருமியைக் காட்டாது. ஃபுளோரைடு மட்டும் எவ்வளவு என்று காட்டாது. ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வு ஆறு மாதத்தில் பாசியாலும் வண்டலாலும் அடைபடுமா என்பதையும், உப்பைச் சுமந்து வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் யார் வயலில் போய் நிற்கும் என்பதையும் பதினைந்து நாள் டெமோவில் பார்க்க முடியாது. கழிவையும் சேர்த்துச் சோதிக்காத சோதனையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொன்றும் மறந்துபோகிறது. குழாய். ஃபிளிண்ட் என்கிற அமெரிக்க ஊரில் 2014 ஏப்ரலில் தண்ணீர் எடுக்கிற இடத்தை மாற்றினார்கள். புதுத் தண்ணீர் பழைய குழாயை அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. குழாயிலிருந்த ஈயம் கரைந்து வீட்டுத் தண்ணீரில் வந்தது. 2015 அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். அதற்குள் குழந்தைகள் குடித்துவிட்டார்கள். வெள்ளோட்டக் கொட்டகையில் ஊரின் பழைய குழாயைப் பத்தடி வெட்டிவந்து பொருத்தி, சுத்தமான தண்ணீரை அதன் வழியே சுற்றவிட்டால் போதும். சில மாதத்தில் அது பேசும். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு வருஷம் சோதிக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். 2017 வறட்சியில் மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரை லேபில் சோதித்து, செம்பரம்பாக்கம் நிலையத்துக்குக் குழாய் போட்டுச் சென்னைக்குக் கொடுத்தார்கள். 2019-லும் அது கைகொடுத்தது. அங்கே லேப் சோதனையே போதுமாக இருந்தது. ஏனென்றால் சுத்தம் செய்கிற நிலையம் ஏற்கெனவே பல வருஷம் ஓடிப் பழகியது. மாறியது தண்ணீர் மட்டும். தண்ணீரும் புதிது, இயந்திரமும் புதிது என்றால்தான் வெள்ளோட்டம் கட்டாயம்.

தென்னேரியில் செய்வதானால் எப்படிச் செய்யலாம் என்று கேட்டார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. நிஜ நிலையம் எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்குமோ அதே ஆழத்திலிருந்து குழாய். மேலாக மொண்டு எடுக்கக்கூடாது. முதலில் வண்டல் இறங்க ஒரு சின்னத் தொட்டி. பிறகு இரண்டு மணல் குழாய். ஒன்று ஓயாமல் ஓடட்டும், இன்னொன்று மின்சாரம் போகும்போது நிற்கட்டும். ஐப்பசிக்கு முன் ஆரம்பித்து அடுத்த ஐப்பசி தாண்டி நிறுத்துங்கள்.

அப்புறம் நோட்டுப் புத்தகம். உத்திரமேரூர் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. ஏரி வாரியம் என்று தனியாகவே ஒன்று இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது. அந்தக் கண்டிப்பு இந்த நோட்டுக்கும் வேண்டும். மோட்டார் நின்ற நேரம், அடைத்த மணலின் மேல்பரப்பைச் சுரண்டிய நாள், தண்ணீர் வாடை அடித்த நாள், எல்லாம் அன்றன்றைக்கு எழுத வேண்டும். அடித்தல் திருத்தலே இல்லாமல் ஒரே மை, ஒரே கையெழுத்தில் இருக்கிற நோட்டை நான் நம்பமாட்டேன். அது மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினது.

நேரம் ஆகிவிட்டது. பின்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லுங்கம்மா... "அந்த ஒரு வருஷமும் வர்ற தண்ணிய யாரு குடிக்கிறது?" என்று கேட்கிறார்கள். யாரும் குடிக்கக்கூடாதம்மா. நானும்தான். வெள்ளோட்டத்தேரில் சாமி ஏறுவதில்லையே. கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டி நாலு தென்னங்கன்று வைத்துவிடுங்கள், அதற்குப் பாயட்டும்.